பக்க விளைவுகள்

கையிலிருந்து உறையை உருவியதும் சிவப்பு தெரிந்தது.

முழங்கைக்குக் கீழே, நாலு விரல் தள்ளி. சுண்டைக்காய் அளவு. சுற்றிலும் லேசான தடிப்பு.

அவள் குனிந்தபடியே இருந்தாள்.

அந்தத் தோல் அவள் வளர்த்தது. யாரோ ஒருவர் தானமாகக் கொடுத்த செல்கள். தட்டில் விதைத்து, ஊட்டம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டால் இருபத்தாறு நாளில் ஒரு வெற்றிலை அளவு வரும். வளர்ப்பது பெரிதில்லை. வேறொரு ஆளின் தோல் என்று உடம்பு கண்டுபிடித்துவிடக் கூடாது. அதற்குத்தான் பதினோரு வருடம்.

கண்டுபிடித்தால் முதலில் இப்படித்தான் சிவக்கும்.

ஏற்கெனவே இரண்டு பேருக்குச் சிவந்தது. பத்தே நாளில் கருகி உரிந்தது. மூன்றாவது ஆளுக்கும் அப்படி என்றால் ஆய்வை நிறுத்திவிட வேண்டும்.

அவளே எழுதிய விதி.

எதிரே காஜா மைதீன். பரோட்டா மாஸ்டர். கொதிக்கிற எண்ணெய் கொட்டி, அந்தத் தோலை ஒட்டியிருந்த வலது கையை மேசைமேல் நீட்டிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி மெகராஜ், மடியில் டிபன் பையோடு.

"எத்தனை நாளா இருக்கு?"

"இன்னைக்குக் காலையிலதான் பார்த்தேன் டாக்டரம்மா."

சோதனைக்குத் தோல் வெட்டி எடுக்கிற கருவித் தட்டைக் கொண்டுவரச் சொன்னாள். நர்ஸ் போனாள். சொன்னபோது குரல் சாதாரணமாகத்தான் வந்தது. கைகளை மட்டும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லீங்க. அரிக்குது."

அவள் நிமிர்ந்தாள்.

போன மாதம் இதே இடத்தை ஊசி முனையால் தொட்டாள். ஒண்ணும் தெரியலையே என்றார். அதற்கு முந்தின மாதமும் அதையேதான் சொன்னார்.

"அரிக்குதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள் மெகராஜ்.

"நீ சும்மா இரு."

"நேத்து ராத்திரி கரண்டு போச்சு மேடம். புழுங்குதுன்னு உறையைக் கழட்டி வீசிட்டு மொட்டை மாடியில போய்ப் படுத்துட்டாரு. கழட்டவே கூடாதுன்னு நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. நாள் முழுக்க அடுப்படியில நிப்பாராம், அப்பல்லாம் புழுங்காதாம். பாயில படுத்தாதான் புழுங்குமாம்."

காஜா மைதீன் இடது கைச் சட்டையை மேலே ஏற்றினார். எண்ணெய் படாத கை.

மூன்று தடிப்புகள்.

"கொசு பிச்சு எடுத்துருச்சு டாக்டரம்மா. தப்புதான்."

இரண்டு கைகளையும் அருகருகே வைத்தாள். லென்ஸை எடுத்தாள்.

இடது கையில், தடிப்பின் நடுவே ஒரு ஊசிப் புள்ளி.

வலது கையில், தடிப்பின் நடுவே ஒரு ஊசிப் புள்ளி.

கட்டைவிரலால் அழுத்தினாள். சிவப்பு போனது. விட்டாள். வந்தது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி வந்தது.

அவள் வளர்த்த தோலில் கொசுவுக்கு ரத்தம் கிடைத்திருக்கிறது.

"கண்ணை மூடுங்க. அரிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டுங்க."

மூடினார். இடது கை ஆள்காட்டி விரல் காற்றில் ஒரு தடவை தடுமாறியது. பிறகு நேராக இறங்கியது.

அதே புள்ளி.

நர்ஸ் தட்டோடு வந்து நின்றாள். இப்போது வேண்டாம், ரெண்டு நாள் பார்க்கலாம் என்று அவளுக்குக் கையால் காட்டினாள்.

"நல்லாத் திட்டுங்க மேடம்," என்றாள் மெகராஜ். "நீங்க திட்டினாதான் கேப்பாரு."

திட்டத்தான் வாயைத் திறந்தாள்.

படிவத்தை இழுத்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம். பக்க விளைவுகள். எது நடந்திருந்தாலும் அதில் எழுதியாக வேண்டும். தும்மல்கூட.

இடது கை: கொசுக்கடி, மூன்று.

பேனா கொஞ்ச நேரம் நின்றது.

வலது கை: கொசுக்கடி, ஒன்று.

கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள். வரியை இன்னொரு தடவை படித்தாள்.

"கண்ணைத் தொறக்கலாமா டாக்டரம்மா?"

"கொஞ்சம் இருங்க," என்றாள்.

மெகராஜ் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு டிபன் பையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.