இடதுபுறத் தையல்

ஈஸ்வரி டீச்சரின் இடது மார்பை அறுவை செய்து எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதன் பிறகு முதல்முறையாக ரவிக்கை தைக்க வந்தவருக்குப் பிலோமினா அளவெடுத்தாள். டேப் இடதுபுறம் தட்டையாக ஓடியது.

"ரெண்டு பக்கமும் ஒண்ணு போல வச்சுத் தை, பிலோ. பீரியட்ஸ் வாரதுக்கு நாலு நாள் முன்னால இந்த இடது பக்கம்தான் கனத்துப் போயி உசுரு போகுது."

பாவம், மனசு இன்னும் ஆறவில்லை என்று நினைத்த பிலோமினா தலையாட்டிவிட்டு, டேப் சொன்னபடியே தைத்துக் கொடுத்தாள்.

மூன்றாம் வாரம் ரவிக்கை திரும்பி வந்தது. வலதுபுறம் ஒரு நூல்கூட நகரவில்லை. இடதுபுறம் அவள் போட்ட இரட்டைத் தையல் அக்குளிலிருந்து கீழ்வரை தெறித்திருந்தது. டீச்சர் கோபப்படவில்லை. இடது கையை உடம்பில் ஒட்டவிடாமல் அகற்றி வைத்தபடி நின்றிருந்தார்.

"திரும்ப அளந்துக்கிடுதேன் டீச்சர்."

"மெதுவா" என்று அவர் கண்களை மூடிக்கொண்டார்.

பிலோமினா டேப்பை விரித்தாள். இடதுபுறம் வந்ததும், சேலையைத் தொடாமல் நாலு விரல் தள்ளி, வெறும் காற்றில் அதை வளைத்துப் பிடித்தாள்.

டீச்சரின் முகம் சுளித்தது.

"படுது பிலோ. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடி."