பிரேம் மட்டும் பாக்கி

இருப்பதிலேயே சாதாரண மவுண்டன் சைக்கிளைத்தான் அவர் வாங்கினார். ஓட்டிப் பழகும் முன்பே அதில் குறை தெரிய ஆரம்பித்தது.

“பெடல் வழுக்குது. மாத்தணும்,” என்றார் மனைவியிடம்.

“மாத்துங்க,” என்றாள்.

திட்டு விழும் என்று பயந்தவருக்குத் தெம்பு வந்துவிட்டது. அடுத்தடுத்து சக்கரம், செயின், பிரேக், சீட், ஹேண்டில். ஞாயிற்றுக்கிழமையானால் மெக்கானிக் கடையே கதி. கழற்றிய பழசையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். மேட்டில் மட்டும் இன்னும் பாதியிலேயே இறங்கித் தள்ளினார்.

“இன்னும் என்ன பாக்கி?” என்று ஒருநாள் மனைவியே கேட்டாள்.

“பிரேம்தான். ரொம்ப கனம்.”

“அதை மட்டும் ஏன் விட்டு வைக்கிறீங்க? நாளைக்கே மாத்திடுங்க.”

இப்படி ஒரு மனைவி யாருக்கு அமையும் என்று பூரித்துப் போனார்.

மறுவாரம், புது பிரேமோடு அதே மேட்டில் மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டிருந்தபோது பின்னால் மணி அடித்தது. ஒதுங்கி வழி விட்டார். வீட்டு கேட்டில் அவரே இடித்து வாங்கிய கீறலோடு, அவருடைய பழைய சைக்கிள் அவரைத் தாண்டிப் போனது.

சீட்டில் அவர் மனைவி.

“மெக்கானிக் அண்ணன் எல்லாத்தையும் எனக்காக எடுத்து வச்சிருந்தார். பிரேமுக்காகத்தான் இத்தனை நாள் காத்துக்கிட்டிருந்தேன்,” என்றவள், மிதிப்பதை நிறுத்தாமலே குனிந்து பார்த்தாள்.

“இந்தப் பெடல் வழுக்கவே இல்லையேங்க.”