அரிசிப் பல்

“பல்லு முளைச்சிருச்சா தம்பி?”

சுடுகாட்டு ஆறுச்சாமி மண்வெட்டியை நிறுத்தாமல்தான் கேட்டார். கைக்குழந்தை என்றதுமே வெட்ட ஆரம்பித்து, முழங்கால் ஆழத்துக்கு வந்துவிட்டார். “முளைக்காட்டி இங்கியே வெச்சிரலாம். முளைச்சிருந்தா அது ஒரு ஆளு. எரிச்சுத்தான் ஆகணும்.”

விடியற்காலையில் காய்ச்சலில் அடங்கிப்போன எட்டு மாத மகனை மாதேஸ்வரன் இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டான்.

கிளம்பும்போது மனைவி சுகந்தி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். “பல்லு இல்லைன்னு சொல்லிருங்க. மண்ணுல வெச்சா மறுபடி என் வயித்துக்கே வந்துருவான். நெருப்புல வெச்சா, போனவன் போனவன்தான்.”

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் போன செவ்வாய்க்கிழமை, சோறு ஊட்டிய விரலை நறுக்கென்று கடித்துவிட்டு, அப்பன் அலறியதைப் பார்த்துச் சிரித்தானே, அவன் யார்? இனி எவன் வந்து பிறந்தாலும் அவன் இவனாக முடியுமா?

“இருக்குண்ணே. கீழ ஒண்ணு. அரிசி மாதிரி.”

ஆறுச்சாமி மண்வெட்டியைக் கீழே போட்டார். “அப்ப கட்டை அடுக்கறேன். ஆனா வெட்டின குழியை வெறுங்குழியா மூடக்கூடாது தம்பி. எதையாவது போடு.”

மாதேஸ்வரன் மகனின் தலையிலிருந்து கம்பளிக் குல்லாவைக் கழற்றிக் குழிக்குள் வைத்தான். கையாலேயே மண்ணைத் தள்ளினான்.

“வூட்ல கேட்டா என்ன சொல்லுவ?”

“என் கையால புதைச்சேன்னு சொல்லுவேன்” என்றான். பிறகு எழுந்து, முதல் கட்டையை அவனே எடுத்து வைத்தான்.