மூன்றில் ஒன்று போதும்

"அந்த மனுஷனை வேற டீமுக்கு மாத்திடுங்க சார்! எதைச் சொன்னாலும் முட்டுக்கட்டை!"

டீம் லீடரின் அறைக்குள் நுழைந்ததுமே பொரிந்து தள்ளினாள் புயல். ஆபீசில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த மனுஷனுக்குப் பட்டப்பெயர் பிரேக்.

விஷயம் இதுதான். இவர்கள் ஹாஸ்கெல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதி, மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தத் தரும் லைப்ரரியை நம்பி எத்தனையோ கம்பெனிகளின் புரோகிராம்கள் ஓடுகின்றன. அதில் ஃபைலைத் திறக்க, அழிக்க, பெயர் மாற்ற, எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று ஃபங்ஷன், அதாவது கட்டளைத் தொகுப்பு. ஃபைலின் பெயரைச் சாதாரண எழுத்தாகக் கொடுத்தால் ஒன்று, பைட்டாக, அதாவது வெறும் எண்களாகக் கொடுத்தால் இன்னொன்று, சிஸ்டத்துக்குப் பிடித்த வடிவில் கொடுத்தால் மூன்றாவது. செய்கிற வேலை என்னவோ ஒன்றேதான்!

போன மாசம் ஒரு தப்பை இரண்டில் திருத்திவிட்டு மூன்றாவதை மறந்துபோனார்கள். மானம் கப்பலேறியது.

"ஒண்ணு போதும் சார், மத்த ரெண்டையும் தூக்கிடலாம்னு நான் தொண்டை கிழியக் கத்தறேன். இவர் ஒவ்வொரு மீட்டிங்லயும், 'இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாமே'ங்கறார். இன்னிக்குத்தான் பெரிய மனசு பண்ணித் தலையாட்டியிருக்கார்!"

"போன வருஷம் நீ தூக்கினப்ப எல்லா கம்பெனி புரோகிராமும் நின்னு போச்சேம்மா. சாயங்காலமே திரும்பச் சேர்த்தோம்."

"இந்தத் தடவை நிக்காது சார்!"

"சரி, வெளியிடு. ஒரே ஒரு கம்பெனி நின்னாலும் பழையபடி சேர்த்துடுவேன். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

புயல் பட்டனைத் தட்டினாள். ஆயிரக்கணக்கான வரிகள் காலி! டீம் மொத்தமும் அவள் மேஜையைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிரேக் மட்டும் தன் இடத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானம் ஆயிற்று. ஒரு புகாரும் இல்லை. சாயங்காலமும் ஆயிற்று. ஊஹூம்!

"ஜெயிச்சுட்டோம்!" புயல் குதித்த குதியில் நாற்காலி உருண்டு ஓடியது.

அப்போது போன் அடித்தது. பேக்கப் புரோகிராம் எழுதுகிற கம்பெனிக்காரர். அவள் பதறிப் போய்க் கேட்டாள்.

"நின்னு போச்சா சார்?"

"ஐயோ, ஜோரா ஓடுதும்மா! நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். உங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர், மெதுவாப் பேசுவாரே, அவர் வாராவாரம் லீவு நாள்ல வந்து, நீங்க தூக்கின ஃபங்ஷன் இருந்த இடத்திலெல்லாம் மிச்சமிருக்கற ஒண்ணைப் போட்டுக் குடுத்தார். மத்த கம்பெனிகளுக்கும் அவர்தானாம். எங்களோடதுதான் கடைசி, நேத்துதான் முடிஞ்சுது."

புயல் பிரேக்கின் இடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்ககிட்ட அவர் சொல்லவே இல்லையே சார்..."

"நானும் கேட்டேம்மா. 'சொன்னா அந்தப் பொண்ணுக்குத் தானே ஜெயிச்ச குஷி போயிடும். என்னை நாலு திட்டு திட்டிட்டுப் போகட்டும், போன வருஷம் மாதிரி மாடிப்படியில தனியா உக்காந்து அழாம இருந்தாச் சரி'ன்னார்."