பாட்டுக்கு அடுத்த பக்கம்

"இந்த அன்னாளை என்னால மன்னிக்கவே முடியாது, ப்ரூரியா!"

திர்சா, அன்னாளின் கதை இருந்த வேதப் புத்தகத்தைத் தள்ளி வைத்தாள்.

எருசலேமில் யூதப் பெண்கள் வேதம் படிக்கும் கூடம் அது. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, சண்டை போட்டபடிதான் படிப்பார்கள். வியாழன்தோறும் இவர்கள் இருவரும் ஜோடி.

"அவ உனக்கு என்னடி பண்ணினா?"

"பிள்ளை வேணும்னு அழுது அழுது வாங்கினா. பால்குடி மறந்ததும் கோவில்ல விட்டுட்டு வந்துட்டா. விட்ட கையோட பாட்டு வேற! அவளும் ஒரு தாயா?"

மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. திர்சா எடுக்கவில்லை.

"யாருடி, காலையிலிருந்து?"

"தத்து ஆபீஸ். பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சு. தன்னோட ஃபைலைக் கேட்டு வாங்கிப் படிச்சிருக்கா. பெத்தவளைப் பார்க்கணுமாம். மத்தியானத்துக்குள்ள நான் பதில் சொல்லணும்."

ப்ரூரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரின்னு சொல்லேன். பெத்தவளைப் பார்த்துட்டா வளர்த்தவளை மறந்துடுவாளா என்ன?"

திர்சா பேனா மூடியைக் கடித்தாள். "ஏன் என்னை விட்டுட்டுப் போனேன்னு கேப்பா. அதுக்கு என்ன பதில் இருக்கு?"

"அன்னாள் கதையை எதுவரைக்கும் படிச்சிருக்கே?"

"வருஷப்பிறப்புக்கு வருஷப்பிறப்பு ஜெப ஆலயத்துல கேட்கிறேனே. பாட்டு வரைக்கும்."

"அங்கே பாட்டோட நிறுத்திடுவாங்க. மக்கு, பக்கத்தைத் திருப்பு!"

திருப்பினாள். அன்னாள் வருஷந்தோறும், கோவிலில் விட்ட மகன் சாமுவேலுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துப் போனாள் என்று ஒரே ஒரு வரி.

"அழுதான்னு எழுதல. ஏங்கினான்னு எழுதல. சட்டை தைச்சான்னு மட்டும் எழுதியிருக்கு. என்ன எழுத்துடி இது!" ப்ரூரியா உருகினாள். "ஆனா ஒரு சந்தேகம். பிள்ளை கண்ணெதிர்ல இல்ல. அளவு எப்படித் தெரிஞ்சுது?"

"தெருவுல போற அதே வயசுப் பிள்ளைங்களைப் பார்த்து..." திர்சா அந்த வரியின்மேல் விரலை வைத்தாள்.

கைபேசி மறுபடி அதிர்ந்தது. இம்முறை எடுத்தாள். "சரின்னு சொல்லிடுங்க. சாயங்காலம் நாலு மணிக்கு."

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் கட்டில்மேல் வரிசையாகப் பரப்பினாள். பிறந்த மூன்றாம் நாளே கொடுத்துவிட்ட மகளுக்காக, வருஷத்துக்கு ஒன்றாக அவள் பின்னிய பதினெட்டு ஸ்வெட்டர்கள். ஒன்றைக்கூட இதுவரை யாரும் போட்டதில்லை.