பதினோராவது ஆள்

ஆறாயிரம் மீட்டர் சிகரம் ஏறப் பெயர் கொடுத்திருந்த பத்துப் பேருக்கும் வழிகாட்டி காலை பத்து மணிக்குத் தன் அலுவலகத்தில் கூட்டம் வைத்திருந்தார். பதினொன்றரை ஆகியும் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. பயணமே கைவிட்டுப் போய்விடுமோ என்று அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது முதுகில் பையோடு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். வழிகாட்டிக்குப் போன உயிர் திரும்பியது.

"வாங்கய்யா, உக்காருங்க. வயசு?"

"அறுபத்தொண்ணு."

வழிகாட்டியின் முகம் சற்றே வாடியது. "உயரம்னா பயம் உண்டா?"

"பயந்தா என் பொழப்பு ஓடுமா சார்?"

"கயித்துல தொங்கிப் பழக்கம்?"

"முப்பது வருஷமா அதானே வேலை." பெரியவர் பையைத் திறந்தார். கயிறு, கொக்கி, இடுப்பு பெல்ட், டார்ச் எல்லாம் இருந்தன.

"உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிட்டிருந்தேன். குழுவுக்கே நீங்கதான் தலைவர்." வழிகாட்டி படிவத்தை நீட்டினார். "ஒரு கையெழுத்துப் போடுங்க."

"வேலை முடியட்டும், போடறேன். மொட்டைமாடிச் சாவி உங்ககிட்ட இருக்குன்னு வாட்ச்மேன் சொன்னார். லிஃப்ட் மோட்டாரைப் பாக்கணும்."

"லிஃப்டா?"

"ஒன்பது மணியிலேருந்து ஓடலையே. உங்க மலையேறுற ஆளுங்க பத்துப் பேரும், எட்டு மாடி யாரு ஏறுறதுன்னு கீழே உக்காந்திருக்காங்க."

வழிகாட்டி சாவியை எடுத்துக் கொடுத்தார். பிறகு, உச்சி வரைக்கும் பஸ் போகிற மலையாக ஒன்றைத் தேட ஆரம்பித்தார்.