மடிக்காத போர்வை

"ஒண்ணு அந்த ரூம்ல அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். நீங்களே முடிவு பண்ணுங்கக்கா!"

மத்தியானம் மூணு மணிக்கு வீட்டுக்காரம்மாவின் வாசலில் வந்து நின்று குதித்தார் பேக்கரிக்காரர்.

மாடி அறையில் ஒரே கட்டில், வாடகைக்கு இரண்டு பேர். இவர் விடிய விடிய பேக்கரியில் மாவு பிசைந்துவிட்டுக் காலையில் வந்து படுப்பார். மற்றவருக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் பகல் வேலை. இவர் செருப்பைக் கழற்றும்போது அவர் மாட்டிக்கொண்டு கிளம்புவார். பழக்கமெல்லாம் அவ்வளவுதான்.

"அப்படி என்னப்பா பண்ணிட்டான்?"

"போர்வையை மடிக்கிறதே இல்லக்கா. சுருட்டிச் சுவரோரமாப் போட்டுட்டுப் போயிடுறான். அவன் தலைகாணி நடுக்கட்டில்ல கிடக்கு. நாள் பூரா ஊரான் போர்வையெல்லாம் மடிக்கிற மகராசன், தன் போர்வையை மடிச்சா கை தேஞ்சா போயிடும்?"

"எடுத்து ஓரமா வைக்க வேண்டியதுதானே?"

"நானா? வலது தோள்பட்டை ஒரு மாசமா உயிரை எடுக்குது. சட்டையைக் கழட்டவே முடியல. வந்ததும் அப்படியே விழுந்துடுறேன். அந்தச் சுருட்டல் முதுகுல முட்டுது, வலப்பக்கம் புரளவே வழியில்ல. இடப்பக்கமா ஒருக்களிச்சு, அவன் தலைகாணி மேலயே கையைப் போட்டுக்கிட்டுக் கிடக்கிறேன். எல்லாம் என் தலையெழுத்து!"

"தூக்கம் வருதா?"

"அது... வருது. பத்து நாளா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறேன். 'கை சரியாகலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கிறேன்'னு மிரட்டிக்கிட்டிருந்த முதலாளிகூட, இப்ப கை கொஞ்சம் ஓடுறதைப் பார்த்து வாயைத் திறக்கல. ஆனா, அது வேற விஷயம்க்கா!"

வீட்டுக்காரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"வேற விஷயம் இல்லப்பா. நீ வலியில முனகுறது படி இறங்குற வரைக்கும் கேக்குதுன்னு அவன்தான் வந்து சொன்னான். 'எப்படிப் படுக்கணும்னு சொல்லப் போனேன்க்கா, உன் வேலையைப் பாருன்னுட்டார்'னான்."

பேக்கரிக்காரருக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்குக் கதவைவேறு படாரென்று சாத்தியிருந்தார்.

"நீதான் காது குடுத்துக் கேக்க மாட்டியே! அதான் அவன் ஆஸ்பத்திரி நர்ஸம்மாகிட்ட விசாரிச்சு, நோவு இருக்கிற பக்கம் நீ புரளாம இருக்க, தினம் தன் போர்வையையும் தலைகாணியையும் அப்படி வெச்சுட்டுப் போறான். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னான். சரி விடு, சாயங்காலம் வரட்டும். காலி பண்ணச் சொல்லிடுறேன்."

"ஐயையோ, வேண்டாம்க்கா!" பேக்கரிக்காரரின் கண் கலங்கிவிட்டது. "அவர் போனா நானும் போயிடுவேன்!"

அன்று சாயங்காலம் வேலைக்குக் கிளம்பாமல் வாசலிலேயே காத்திருந்தார். லாண்டரிக்காரர் படியேறி வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். என்னென்னவோ சொல்ல நினைத்து, கடைசியில் இவ்வளவுதான் வந்தது:

"தம்பி, நாளைக்கும் போர்வையை மடிச்சிடாதீங்க."